செசிலியாவுக்கு ஒரு சோகப் படம்

இத்தால் சகல தமிழ் மக்களுக்கும் அறியத்தருவது யாதெனில், ஹேர்னிங் தமிழ்க் கலாசார முன்னேற்றச் சங்கத்தின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்படவேண்டிய நாள் எதிர்வரும் ஞாயிற்றுக்கிழமையாகும். அன்றைய தினம் சங்கத் தலைவர் உயர்திரு சபாரத்தினம் அவர்களும், அன்னாரது அயராத முயற்சியால் அண்மையில் இந்நாடு வந்துசேர்ந்த பாரியார் திருமதி ஞானேஸ்வரி அவர்களும், கிழக்குக் கரைப் பெருநகரில் திறக்கப்பட்டுள்ள சீனத் தோட்டத்துக்கு விஜயம் செய்வர். பொதுமக்களும் வரலாம். பஸ் உண்டு. படப்பிடிப்பு: பரமானந்தம்.

அறிவித்தல் அடுக்குமாடியின் நிலவறையில், சலவை இயந்திரங்களுக்கு மேலே ஒட்டப்பட்டிருந்தது. சங்கத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. தன் உள்ளாடையைத் தானே தோய்க்கும் கணவன்மார்தான் அதன் அங்கத்தவர்கள்.

1988ஆம் ஆண்டுக் கோடை. போர் துரத்த டென்மார்க்குக்குத் தனியாக வந்து, இருக்க அனுமதியும் செய்ய வேலையும் கிடைத்து, மனைவியைக் கூப்பிட விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்த ஆண்கள் ஹேர்னிங்கில் மட்டுமல்ல, வைலே, ஸ்கீவே போன்ற ஊர்களிலும் இருந்தார்கள். எத்தனை தரம் கேட்டாலும் கொப்பன்ஹேகனிலிருந்து ஒரே பதில்தான்: விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. அதை எல்லோரும் நம்பினார்கள். வீதியோரத்தில் உருளைக்கிழங்கு மூட்டையை வைத்துவிட்டு, காசு போட ஒரு தகரப்பேணியையும் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிற சனம். அது ஒரு கடதாசியை ஒளித்து வைக்குமா?

இந்தக் காத்திருப்புக்கு நடுவில்தான், அந்த வருடச் சித்திரையில், தலைவரின் மனைவி வந்து இறங்கினாள்.

"எப்பிடி அண்ணை?" என்று கேட்டவர்களுக்குத் தலைவர் மேசையை விரலால் தட்டிச் சொன்னார்: "எல்லாம் எழுதிற விதத்திலை இருக்கு. நான் மந்திரிக்கு நேரை இங்கிலீசிலை எழுதினனான். மனிசன் வாசிச்சுப்போட்டு, ஆரடா இவன் எண்டு எழும்பி நிண்டிருக்கும்."

மந்திரியை எழுப்பி நிறுத்திய இந்தப் பேனா, பகலில் ஒரு காலுறைத் தொழிற்சாலையில் காலுறைகளைச் சோடி சேர்த்துப் பெட்டியில் அடுக்கியது. காலுறையில் வலது இடது கிடையாது என்பதால் தவறு நேர்வதில்லை.

அதே தொழிற்சாலையில் சாயத் தொட்டியருகே நின்ற பரமானந்தத்துக்கு மட்டும் தலைவரின் வெற்றியைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது. நியாயமான எரிவு. பரமானந்தம் தன் மனைவி செசிலியாவுக்காக விண்ணப்பம் போட்டது மாரியில். தலைவர் போட்டது அதற்குப் பிறகு, போன வருடக் கோடையில். பின்னால் வந்தவர் முன்னால் ஏறிவிட்டார். மத்தியான இடைவேளையில் பரமானந்தம் கறுத்தப் பாணில் தொதல் என்ற இனிப்பைப் போன்ற ஏதோ ஒன்றைப் பூசிச் சாப்பிடுகையில், எதிர் மேசையில் தலைவர் டப்பாவைத் திறப்பார். புட்டு. மேலே சம்பல். ஒரு முட்டைப் பொரியல், அதுவும் நான்காக மடித்து.

"கொஞ்சம் எடுமன் தம்பி."

"வேணாம் அண்ணை. எனக்கு இதான் பழகிட்டு."

கொடுக்காமல் தின்றிருந்தால் மன்னித்திருக்கலாம். தலைவரின் சேட்டுக் கழுத்து இப்போது அயர்ன் பண்ணப்பட்டிருந்தது. அவருடைய பல்கனிக் கொடியில் ஒரு பச்சைச் சேலை காய்ந்தது. பரமானந்தம் தன் அறையின் திரைச்சீலையை மூடி வைத்தான். பிறகு, மூடியிருக்கிறதா என்று பார்க்க அடிக்கடி திறந்தான்.

ஆனால் அவனை உண்மையில் தின்றது வேறு. கொழும்பில் வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் தங்கி விசாவுக்குக் காத்திருந்த செசிலியா, மாதம் தவறாமல் கசெற்றில் பேசி அனுப்புகிறவள், நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு ஒன்றும் அனுப்பவில்லை. இவன் அனுப்பிய கசெற்றுகளுக்குப் பதிலும் இல்லை. அவள் சுகமாக இருக்கிறாள் என்று மட்டும் மட்டக்களப்பிலிருந்து அவளுடைய தமையன் எழுதியிருந்தார். ஏன் வாய் திறக்கிறாள் இல்லை என்பதை எழுதவில்லை. அந்த லொட்ஜில் செசிலியாவோடு ஒரே அறையில் இருந்தவள் ஞானேஸ்வரி. அவளுக்குத் தெரிந்திருக்கும். அவளிடம் ஒரு வார்த்தை தனியாகக் கேட்கவேண்டும். அதுதான் முடியவில்லை. தலைவர் தன் மனைவியை, புதிதாக வாங்கிய கலர் டிவியைப் போல, எல்லோருக்கும் காட்டினார். ஒருவரையும் தொட விடவில்லை. "எப்பிடி இருக்கிறியள் தங்கச்சி?" என்று கேட்டால், "நல்லா இருக்கிறா" என்று தலைவர் பதில் சொல்வார்.

ஆகவே சீனத் தோட்டத்துப் படப்பிடிப்பாளர் பதவியைப் பரமானந்தம் உடனே ஏற்றுக்கொண்டான்.

பஸ்ஸில் அவனுடைய மடியில் கமெரா இருந்தது. அறைத் தோழன் கோணேசனின் மடியில் படக் கோட்டு இருந்தது. இந்தக் கோட்டைப் பற்றிச் சொல்லாமல் அப்பால் போகமுடியாது. செஞ்சிலுவைச் சங்கத்தின் பழைய உடுப்புக் கடையில் எடுத்த ஒட்டக நிறக் கோட்டு அது. அடுக்குமாடியில் இருந்த தமிழர் அனைவருக்கும் அது ஒன்றுதான். குளிருக்கு யாரும் அதைப் போட்டதில்லை. படத்துக்கு மட்டும் போட்டார்கள். கோட்டைப் போட்டு, கீழ்வீட்டு டேனிஷ் கிழவரின் நீல வொல்வோவில் கையை ஊன்றி, அல்லது கடைக் கண்ணாடிக்குள் இருக்கும் டிவிக்குப் பக்கத்தில் நின்று, ஒரு படம். அது ஊருக்குப் போகும். சாயத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று யாரும் படம் எடுத்ததில்லை. அப்படி எடுக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. அனுப்புகிற படம் என்றால் அது சந்தோசமாக இருக்கவேண்டும். கோட்டின் ஒரு பொத்தான் எப்போதோ கழன்றுபோக, கோணேசன் அதன் இடத்தில் ஒரு பச்சைப் பொத்தானைத் தைத்திருந்தான்.

சீனத் தோட்டம் ஒரு வங்கியின் கண்ணாடிக் கட்டடத்துக்கும் பல மாடிக் கார்த் தரிப்பிடத்துக்கும் நடுவில் இருந்தது. வெள்ளை மதில், நிலா போல வட்டமான வாசல். உள்ளே போனால் நகரத்தின் சத்தம் பாதியாகக் குறைந்தது. மதிலுக்கு மேலால் ஒரு பாரந்தூக்கி மட்டும் எட்டிப் பார்த்தது. இன்கிரிட் என்ற, வேலையிலிருந்து இளைப்பாறிய ஆசிரியை ஒருவர் அவர்களுக்கு இடத்தைச் சுற்றிக் காட்டினார். அவர் டேனிஷில் ஒரு வசனம் சொன்னால் தலைவர் தமிழில் ஒரு பந்தி சொன்னார்.

"இந்தச் சீனக் கலையெல்லாம் அடிப்படையிலை எங்கடைதான்," என்றார் தலைவர். "பல்லவர் காலத்திலை போனது."

"அவ அப்பிடியோ சொன்னவ?" என்றான் கோணேசன்.

"அவ சொல்ல வாறது அதுதான்."

துளை விழுந்த பெரிய பாறாங்கல் ஒன்றைக் காட்டி, இது சீனாவிலிருந்து கப்பலில் வந்தது என்றார் இன்கிரிட். கோணேசன் அதைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தான். "கல்லுக்கு விசா குடுத்திருக்கிறாங்கள்."

குளத்தில் வண்ண வண்ணமாக வாத்துகள் நீந்தின. இவை தனித்தால் வாடிப்போகும் என்பதால் சோடி சோடியாகத்தான் தருவித்தார்கள் என்று இன்கிரிட் சொன்னபோது, சங்க அங்கத்தவர்கள் வாத்துகளை வெறித்துப் பார்த்தபடி நின்றார்கள். ஒரு ஆண் வாத்து தன் சோடியின் கழுத்தைக் கோதிவிட்டது. பரமானந்தம் வேறு பக்கம் திரும்பினான். திரும்பிய பக்கத்தில் தலைவர் மனைவியின் தோளில் விழுந்த இலையைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

குளத்தின் நடுவே ஒரு சிறு மண்டபம். அதற்குப் போக மரப்பாலம். பாலம் நேராகப் போகவில்லை. அளவுகோல் மடிவதுபோல மடிந்து மடிந்து போனது. பேய்க்கு நேராக மட்டும்தான் போகத் தெரியும், மடிப்பில் தண்ணீருக்குள் விழுந்துவிடும், அதற்காகத்தான் இப்படி என்றார் இன்கிரிட்.

"எங்கட விண்ணப்பமும் இந்தப் பாலத்தாலதான் போகுது போல," என்றான் கோணேசன்.

பாலத்தைப் பார்த்ததும் பரமானந்தத்துக்கு மூளையில் ஒரு பல்ப் எரிந்தது.

"தலைவர், முதல்ல உங்கள மட்டும் தனிய ஒரு படம். அந்த மண்டபத்தில. சீன ராசா மாதிரி இருக்கும்."

தலைவர் மண்டபத்தைப் பார்த்தார். ராசா என்ற சொல் வேலை செய்தது. "ஞானேஸையும் கூட்டிக்கொண்டு…"

"சோடிப் படம் மறுகா எடுப்பம். ராசா முதல் தனியத்தான் நிக்கவேணும்."

"கோட்டு?"

"கோட்டும்தான்."

ஆடி மாத வெயிலில் தலைவர் கோட்டை மாட்டி, எல்லாப் பொத்தானையும் பூட்டி, பாலத்தின் மடிப்புகளையெல்லாம் நடந்து கடந்து, மண்டபத்தில் மார்பை நிமிர்த்தி நின்றார்.

"அசைஞ்சிடாதீங்க அண்ணை! தூரத்துப் படம், நேரமெடுக்கும்!" என்று கத்திவிட்டு, பரமானந்தம் கமெராவைக் கண்ணில் வைத்தபடியே பக்கத்தில் நின்ற ஞானேஸ்வரியிடம் பேசினான்.

"தங்கச்சி, செசிலியா ஏன் கதைக்கிறாள் இல்ல?"

"நீங்கள் கேப்பியள் எண்டு தெரியும் அண்ணை. இவர் விட்டால்தானே சொல்ல."

"வருத்தம் ஏதுமோ?"

"வருத்தம் ஒண்டுமில்லை. கோவம்."

"என்னிலயோ?"

"அந்தக் கோட்டிலை."

பரமானந்தம் கமெராவுக்குள்ளால் கோட்டைப் பார்த்தான். அது மண்டபத்தில் வியர்த்துக்கொண்டு நின்றது.

"லொட்ஜிலை நாங்கள் எல்லாரும் மனிசன்மாரின்ரை படத்தைச் சுவரிலை ஒட்டி வைச்சிருந்தனாங்கள்," என்றாள் ஞானேஸ்வரி. "செசிலியான்ரை பக்கத்தைப் பாத்து நாங்கள் எரிஞ்சு செத்தம். உங்கடை கார், உங்கடை டிவி, உங்கடை கோட்டு. எங்கடையவர் எனக்கு அனுப்பினது பாஸ்போட் சைஸ். அவ படத்தைக் கையிலை எடுத்தாலே நான் தலை சீவிற மாதிரி அங்காலை திரும்பிடுவன். பிறகு தைப்பொங்கலுக்கு இவர் கோட்டுப் போட்டு ஒரு படம் அனுப்பினார். நான் ஓடிப்போய் அவவுக்குக் காட்டினன். எனக்கும் ஒரு நாள் வேணுமெல்லே?"

"காட்டினதும்?"

"அவ முகத்தைப் பாக்கேல்லை, பொத்தானைத்தான் பாத்தா. ஒண்டு பச்சை. தன்ரை சுவரிலை போய்ப் பாத்தா, அங்கையும் பச்சை. பிறகு வவுனியாப் பிள்ளை ஒண்டின்ரை சுவரிலையும் பச்சை. அண்டைக்கு முழுக்க அவ சாப்பிடேல்லை. கோட்டு இரவல் எண்டால் காரும் இரவல்தானே, கார் இரவல் எண்டால் விண்ணப்பம் போட்டனெண்ட கதையும் இரவல்தானே எண்டு கேட்டா. எனக்கு என்ன சொல்லத் தெரியும்?"

"நான் விண்ணப்பம் போட்டனான்!"

"அதை நான் நம்பிறன். அவ நம்பேல்லை. ஒரு அரசாங்கம் இவ்வளவு காலத்துக்கு ஒரு கடதாசியை வைச்சுக்கொண்டு இருக்குமோ, மனிசன்தான் எதையோ ஒளிக்கிறார், அங்கை ஆரோ இருக்கிறாள் எண்டு சொன்னா."

"உங்கட ஆளுக்கு முதலே போட்டனான், தங்கச்சி!"  மாதக்கணக்கில் வயிற்றில் கிடந்தது வெளியே வந்தது. "அவருக்குக் கிடைச்சிட்டு. எனக்குக் கிடைக்கல்ல. உங்கட சேலை காயிறதப் பாக்க எனக்கு… அவர் என்ன எழுதினாரோ, நான் என்னத்த எழுதாம விட்டனோ…"

ஞானேஸ்வரி அவனை ஒரு மாதிரிப் பார்த்தாள். "ஆருக்குக் கிடைச்சது?"

"உங்களுக்கு. மந்திரி…"

"மந்திரியோ! அண்ணை, நான் ஏஜென்சிக்காரனோடை வந்தனான். ஆரோ ஒரு சிங்கப்பூர்க்காரியின்ரை பாஸ்போட். அவளுக்கு என்னைவிடப் பத்து வயசு கூட, மூக்கும் வேறை. கொப்பன்ஹேகனிலை இறங்கி அழுது, அகதியெண்டு பதிஞ்சனான். இவர் போட்ட விண்ணப்பம் இப்பவும் பரிசீலனையிலைதான் கிடக்கு."

பரமானந்தம் கமெராவை இறக்கினான். சித்திரையிலிருந்து ஒரு நாள் விடாமல் பட்ட பொறாமை. புட்டுக்குப் பட்டது, சேட்டுக் கழுத்துக்குப் பட்டது. அவ்வளவும் இல்லாத ஒரு வெற்றியைப் பார்த்துப் பட்டது. ஏமாற்றப்பட்டவன்போல உணர்ந்தான்.

அதற்குள் ராசாவுக்கு விளங்கிவிட்டது. கமெரா இறங்கிவிட்டது, மனைவியின் வாய் ஓயாமல் அசைகிறது. தலைவர் பாலத்தில் பாய்ந்தார். ஆனால் பாலம் பாய விடவில்லை. பத்தடி இந்தப் பக்கம் வந்தால் அடுத்த மடிப்பு அவரைத் திருப்பி மண்டபத்தின் பக்கமே கொண்டுபோனது. போகும்போது தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு போனார். நடுவில் ஒரு டேனிஷ் தாய் பிள்ளை வண்டியோடு வந்தாள்; தலைவர் பின்னோக்கி நடந்து வழிவிட்டார்.

"வாறார்," என்று கரையில் நின்று விளம்பினான் கோணேசன். "போறார். வாறார். ஐயோ, போறார்."

கடைசியில் கோட்டோடும் வியர்வையோடும் வந்து சேர்ந்தார். "என்ன கதைச்சனீர்?"

"நான் எப்பிடி வந்தனான் எண்டு சொன்னனான்," என்றாள் ஞானேஸ்வரி.

சங்க அங்கத்தவர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். வாத்துகளும் நின்றன.

"அது… அது இரண்டாவது திட்டம்," என்றார் தலைவர். "முதலாவது கடிதம்."

"அப்ப மந்திரி எழும்பி நிக்கேல்லையோ அண்ணை?" என்றான் கோணேசன்.

"வாசிச்சிருப்பார்."

"வாசிச்சவர்தான். இன்னும் எழுத்துக்கூட்டிக்கொண்டு இருக்கிறாராக்கும்."

அதன்பின் அந்தக் கூட்டத்தில் பரவிய நிம்மதியை எழுத்தில் கொண்டுவருவது கடினம். ஒருவருக்கும் கிடைக்கவில்லை! தன்னுடைய விண்ணப்பத்தில்தான் பிழை என்று இத்தனை நாள் இரகசியமாக வெந்துகொண்டிருந்தவர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டினார்கள். சாப்பாட்டுப் பொதிகள் அவிழ்ந்தன. தோட்டத்துக்குள் சாப்பிடக்கூடாது என்று இன்கிரிட் சொன்னதைத் தலைவர் மொழிபெயர்க்கவில்லை.

பரமானந்தம் மட்டும் சாப்பிடவில்லை. அவன் ஞானேஸ்வரியிடம் கமெராவைக் கொடுத்தான். "என்ன ஒரு படம் எடுங்க தங்கச்சி. கோட்டில்லாம. காரில்லாம. சந்தோசமில்லாம. பாத்த உடன அவளுக்கு விளங்கவேணும்."

"ஒரே ஒரு படத்துக்குத்தான் பிலிம் கிடக்கு."

"எங்கடை சோடிப் படம்?" என்றார் தலைவர்.

எல்லோரும் இடம் தேடப் புறப்பட்டார்கள்.

ஆனால் சந்தோசமில்லாத இடமொன்றை அந்தத் தோட்டத்தில் கண்டுபிடிப்பது இலேசாக இல்லை. எங்கே நின்றாலும் பின்னால் தாமரை, மூங்கில், வளைந்த ஓட்டுக் கூரை. மலசலகூடத்துக்குக்கூடச் சீனக் கூரை போட்டிருந்தார்கள். முடிவில் குப்பை வாளிகளுக்குப் பக்கத்தில் ஒரு வெறும் மதில் கிடைத்தது. பரமானந்தம் சேட்டைக் கழற்றி, உள்ளே போட்டிருந்த சாயக்கறை படிந்த வேலை ரீசேட்டோடு அதில் சாய்ந்தான். நல்ல வேளையாக மழையும் தூறத் தொடங்கியது.

"முகத்தைத் தொங்கவிடு," என்றான் கோணேசன். "இன்னும் விடு. இப்ப கடன் குடுத்தவன் மாதிரி இருக்கு. மனிசியில்லாதவன் மாதிரி நில்லு."

"நான் அப்பிடித்தானடா நிக்கிறன்!"

"ஆ, இது நல்லாயிருக்கு. இப்பிடியே நில்."

மழையில் மதிலோடு சாய்ந்து நிற்கும் அந்த முகத்தை இன்கிரிட்டும் கண்டார். மனம் பொறுக்கவில்லை. வாசலில் வைத்திருந்த சிவப்புச் சீனக் குடை ஒன்றை விரித்துக்கொண்டு ஓடிவந்து, அவனுடைய தலைக்கு மேலே பிடித்தார். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு டேனிஷ் வரவில்லை.

"அவவ வெட்டுங்க தங்கச்சி! படத்தில வரப்படாது!" என்றான் உதடு அசையாமல்.

"வெட்டிட்டன், வெட்டிட்டன்," என்று சொல்லி ஞானேஸ்வரி அமத்தினாள்.

அந்தப் படத்தையும், கோட்டு, கார், டிவி, விண்ணப்பம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்ன ஒரு கசெற்றையும் ஒரே உறையில் வைத்து அனுப்பினான். ஞானேஸ்வரியும் தனியாக எழுதினாள். புரட்டாதியில் ஒரு கசெற் வந்தது. செசிலியாவின் கசெற். சமையலறையில் கோணேசன் முதலாக எல்லோரும் ரேப் ரெக்கோடரைச் சுற்றி இருந்தார்கள். கோணேசன்தான் பொத்தானை அமத்தினான்.

"கோட்டு உங்கடயில்ல, சரி," என்றது செசிலியாவின் குரல். "காரும் உங்கடயில்ல, சரி. ஞானேஸ் அக்காவும் எழுதினா, நம்பிட்டன். படத்தப் பாத்து நானும் ஒரு மூச்சு அழுதன். மறுகாத்தான் பாத்தன். அந்தக் குடையப் பிடிக்கிற கை ஆருட?"

பரமானந்தம் கண்ணை மூடினான்.

"வெள்ளக் கை. மோதிரமும் இல்ல. மழைக்க நிண்டு உங்களுக்குக் குடை பிடிக்கிற அளவுக்கு அவ ஆரு? நான் இஞ்ச கரண்ட் இல்லாத அறைக்க விசிறியக் கையால ஆட்டிக்கொண்டு கிடக்கிறன்…"

அந்தப் பக்கம் முடியும்வரை கைதான். கசெற்றைத் திருப்பிப் போட்டால் மறுபக்கத்திலும் கை. நடுவில் ஒரு தரம் அழுதாள், ஒரு தரம் சிரித்தாள், "வரட்டும், நான் வந்து பாத்துக்கொள்றன்" என்றாள். 

"குடுத்து வைச்சவனடா நீ," என்றான் கோணேசன். குரலில் பகிடி இல்லை. "என்ர மனிசி சுகமோ எண்டு கேக்கிறா, நான் சுகமெண்டு சொல்றன். அவ்வளவுதான். திருப்பிப் போடு பாப்பம்."

திருப்பிப் போட்டார்கள். அடுத்த வாரம் முழுவதும், சண்டை பிடிக்க மனைவியுள்ள அந்த மனிதனை மற்றவர்கள் கடைக்கண்ணால் பார்த்தார்கள். மத்தியானச் சாப்பாட்டில் அவன் கறுத்தப் பாணைப் பெரிய பிரபு போலக் கடித்தான். தலைவர் தன் புட்டுடன் வந்து பக்கத்தில் அமர்ந்து, இந்தக் குடும்ப நல்லிணக்கம் தான் ஒழுங்கு செய்த சுற்றுலாவின் நேரடிப் பலன் என்றும், சங்க அறிக்கையில் அதைச் சேர்க்கப்போவதாகவும் சொன்னார். பரமானந்தம் முட்டைப் பொரியலில் பாதியை எடுத்துக்கொண்டான். செசிலியா எந்த நாளும் வரலாம் என்பதால், அறைக்குப் புதிய திரைச்சீலை வாங்கிப் போட்டான்.

தமிழரின் கடதாசிகளைக் கிடந்தபடியே கிடக்க விடும்படி மந்திரி சொல்லிவைத்திருந்தார்; அவனுடைய விண்ணப்பத்தை அந்த வருடம் கொப்பன்ஹேகனில் ஒருவரும் திறக்கவில்லை.